கேட் மூடாத பதினேழு நாள்

வைகறை கார்டன் காலனியின் கேட் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்குத் தானாகத் திறந்துகொண்டபோது யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை, ஏனென்றால் அது அப்படித் திறப்பது ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்தே வழக்கமாகிவிட்டது. அங்கிருக்கிற இருபத்திரண்டு வீடுகளில் யாரோ ஒருவரைப் பார்க்க எங்கிருந்தோ யாரோ புறப்பட்டுவிட்டார்கள் என்று அர்த்தம், அவர்கள் வந்து சேரும்வரை கேட் மூடாது, வந்து சேர்ந்ததும் பதினாறு செகண்டில் தானே மூடிக்கொள்ளும், இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது. அவரவர் அரிசியில் அரை டம்ளர் கூடுதலாகப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் வாட்ச்மேன் அங்கமுத்து ஒளிக்காமல் மறைக்காமல் சொல்லிவிடுவார். ஆயுத பூஜையன்று கார், பைக், சைக்கிள், தண்ணீர் மோட்டார், செகரெட்டரி வீட்டு மிக்ஸி என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தவர் கையில் கடைசியில் ஒரு எலுமிச்சை அளவு சந்தனம் மிஞ்சியது. கழுவிக் கொட்ட மனம் வராமல் கேட் மோட்டார் பெட்டிக்கு ஒரு பட்டை இழுத்தார், அதற்கும் மிஞ்சியது. கேட்டின் இரண்டு பக்கத் தூணிலும் முழங்கால் உயரத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடிக் கண் இருக்கும், குறுக்கே ஆளோ வண்டியோ நின்றால் பார்த்து கேட்டை நிறுத்துகிற கண். போகிற வருகிற அத்தனை பேரையும் பார்க்கிற கண்ணுக்கு ஒரு பொட்டு இல்லையென்றால் நன்றாகவா இருக்கிறது என்று அந்தக் கண்ணாடியின் மேலேயே கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். கண்ணை மறைத்தால் கேட் மூடாது, எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார். ஆனால் இந்தக் கேட் ஒழுங்காக மூடியது, மூடியதோடு நிற்காமல் மறுநாளிலிருந்து கொஞ்சம் தூரமாகவும் பார்க்க ஆரம்பித்தது. ஏன் எதற்கு என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், நமக்கு வேலை இருக்கிறது.

முதல் ஒரு மாதம் அந்தக் காலனி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ரெண்டாம் நம்பர் வீட்டு திலகராஜ் ஐந்து மணிக்குப் போன் செய்து "கெளம்பிட்டேன், வழியில இருக்கேன்" என்பார், அவர் சம்சாரம் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு "கேட்டு மூடித்தான் இருக்குது, நீங்க இன்னும் சீட்டை விட்டே எந்திரிக்கலை" என்பார், பாவம் அந்த மனிதர் இருபது வருஷமாகச் சொல்லிவந்த ஒரே பொய்யும் போயிற்று. திடுதிப்பென்று வந்து மருமகளின் சமையலறையைச் சோதனை போடுகிற மாமியார்களால் அதற்குப் பிறகு திடுதிப்பென்று வரவே முடியவில்லை. அவர்கள் பொள்ளாச்சியில் செருப்பைப் போடும்போதே இங்கே கேட் திறந்து, மூன்று வீட்டில் அடுப்பு மேடையைத் துடைத்துவிடுவார்கள். ஏழாம் நம்பர் வீட்டுப் பெண் யாருக்கும் சொல்லாமல் கனடாவிலிருந்து வந்து அப்பாவை அசத்த வேண்டும் என்று நினைத்தாள், கேட் ஒன்றரை நாள் திறந்தே கிடந்ததைப் பார்த்து மொத்த காலனியும் ஆரத்தித் தட்டோடு நின்றது, கடைசியில் அசந்து போனது அவள்தான்.

எல்லாமே சிரிப்பு என்று சொல்ல முடியாது. அஞ்சாம் நம்பர் வீட்டு பரிமளா டீச்சரின் மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான், வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிய விஷயம். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட் திறந்தது, நாற்பது நிமிஷம் கழித்து யாருமே வராமல் மூடிக்கொண்டது. யாரோ புறப்பட்டுப் பாதியில் திரும்பிவிட்டார்கள், அது யாராகவும் இருக்கலாம், ஆனால் டீச்சர் அது தன் மகன்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் மகனுக்குப் போன் செய்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அங்கே மழையா என்று மட்டும் கேட்டார்.

இப்படியாக எல்லாரும் பழகிக்கொண்ட கேட்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை திறந்தது, திறந்தது புதன்கிழமையும் மூடவில்லை, வியாழக்கிழமையும் மூடவில்லை. விமானத்தில் வருகிறவர்கள்கூட ரெண்டு நாளில் வந்துவிடுவார்கள், இது யார், நடந்தே வருகிறார்களா? வீடு வீடாகப் போன் போட்டு அண்ணன் தம்பி, மச்சான் மாமன், பள்ளிக்கூட சிநேகிதி என்று எல்லாரையும் விசாரித்தாகிவிட்டது, எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். பரிமளா டீச்சர் தன் மகனின் படுக்கைக்கு விரிப்பு மாற்றினார், மறுநாள் அதையே துவைத்து மறுபடி விரித்தார். இதற்கு நடுவில் திறந்த கேட் வழியே பக்கத்துத் தோட்டத்து எருமை மூன்று உள்ளே வந்து அசோசியேஷன் செகரெட்டரி ஜெயச்சந்திரன் வளர்த்த குரோட்டன்ஸை நிதானமாக மேய்ந்துவிட்டுப் போக, அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து மெயினை அணைத்து, மோட்டாரின் பிடியைச் சாவி போட்டு விடுவித்து, கையாலேயே தள்ளினார். பதினெட்டு அடி கேட் ஒரு சாண் இடைவெளி வரைக்கும் வந்து நின்றது, பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற மாடுபோல மெதுவாகத் தன் பாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது.

"என்ன கெரகம்டா இது" என்று ஜெயச்சந்திரன் வழக்கமான மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்து, "என்னால ஆகாதுங்க, சுகுணாவைக் கூப்பிடுங்க, அந்தம்மா பாக்காத கேட்டு கோயமுத்தூருல இல்லை" என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சுகுணாவுக்கு நாற்பத்து நாலு வயது, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள், சிங்காநல்லூரில் வீடு, ஸ்கூட்டரின் முன்பக்கம் டூல்ஸ் பெட்டியும் பின்பக்கம் சின்ன ஏணியும் கட்டியிருக்கும். நகைக்கடை ஷட்டர், மில் கேட், பங்களா கேட் எதுவானாலும் காதை வைத்துக் கேட்டே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். போனில் வைகறை கார்டன் என்ற பேரைக் கேட்டதும் அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், ஏனென்றால் அந்தக் காலனியில் பத்தொன்பதாம் நம்பர் வீட்டில்தான் அவளுடைய கூடப் பிறந்த அக்கா ராஜாமணி சண்டைக்குப் பிறகு குடிவந்திருந்தாள், அக்காளும் தங்கையும் பேசி ஏழு வருஷம் ஆகியிருந்தது.

சண்டைக்குக் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. ராஜாமணியின் மகள் ஹரிணியை இடுப்பில் தூக்கி வளர்த்தது சுகுணாதான், பாலாடையில் மருந்து ஊற்றியது, பள்ளிக்கூடத்தில் விட்டது, தலைக்குப் பேன் பார்த்தது எல்லாம் அவள்தான். அப்பேர்ப்பட்ட சித்திக்கு அக்கா கல்யாணப் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பினாள். வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் வந்து, குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று வாயால் சொல்லாத கல்யாணத்துக்கு நம் ஊரில் எதிர்வீட்டுக்காரர்கூடப் போகமாட்டார், கூடப் பிறந்தவள் போவாளா? சுகுணா போகவில்லை. முகூர்த்த நேரத்தில் யாருடைய கேட்டுக்கோ கிரீஸ் வைத்துக்கொண்டு அழுதாள். அக்காளும் அதற்குப் பிறகு ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை, நீ முதலில் வா என்று ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின திங்கட்கிழமை ஒரு காதுகுத்தில் உறவுக்காரி ஒருத்தி சொன்னாள், ராஜாமணி வீட்டைக் காலி செய்துகொண்டு மெல்போர்னுக்குப் போகிறாளாம், ஹரிணிக்குப் பிரசவமாம், அங்கேயே இருந்துவிடப் போகிறாளாம், அடுத்த வாரம் டிக்கெட்டாம். சுகுணா இரவு முழுக்கப் புரண்டாள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, போனது போகட்டும், ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று ஸ்கூட்டரை எடுத்தாள். வைகறை கார்டன் திருப்பத்து பேக்கரி வரைக்கும் வந்தாள். அங்கே ஒரு டீ குடித்தாள், தேங்காய் பன் ஒன்று வாங்கித் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு திரும்பிப் போனாள் என்று சொல்ல முடியாது, நாளைக்கு வரலாம் என்று வீட்டுக்குப் போனாள்.

உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். காலனிக்கு விளங்கவில்லை, ஏனென்றால் அவர்கள் யாரும் அவளைப் பார்த்ததில்லை. சுகுணாவுக்கும் விளங்கவில்லை, கேட் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் கோளாறு கேட்டில்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள்.

வெள்ளிக்கிழமை காலை வந்தாள். அங்கமுத்து முறையாக எல்லாவற்றையும் சொன்னார். "இது ரிப்பேர் இல்லீங், ஆரோ கெளம்பிட்டாங்க, இன்னும் வந்து சேரலீங், அவ்வளவுதானுங்."

"மோட்டாரை ஓட்டற போர்டுல ஈரம் எறங்கியிருக்கும்ண்ணா" என்றாள் சுகுணா. குனிந்து தூணைப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. "இதென்ன, கண்ணு மேல சந்தனம்? இதை வெச்சுட்டு எப்படி மூடும்?" துணியை எடுத்து ரெண்டு தூணிலும் துடைத்தாள்.

அடுத்த நிமிஷம் பரிமளா டீச்சர் கையில் கரண்டியோடு ஓடிவந்தார். "யாரும்மா நீ? வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொட்டை அழிக்கறே! உனக்கு அம்மா அக்கா யாரும் சொல்லிக் குடுக்கலையா?"

சுகுணா துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். டீச்சர் வீட்டிலிருந்து குங்குமச் சிமிழ் வந்தது, சந்தனம் வந்தது, நாலு பெண்கள் சேர்ந்து ரெண்டு கண்ணுக்கும் முன்பைவிடப் பெரிதாகப் பொட்டு வைத்துவிட்டு, மெக்கானிக்கை முறைத்துப் பார்த்துக்கொண்டே போனார்கள். துடைத்தபோதும் கேட் மூடவில்லை, வைத்த பிறகும் மூடவில்லை.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். சனிக்கிழமை ரிமோட் ஒவ்வொன்றாக வாங்கிப் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தாள். ஞாயிறு மோட்டார் பெட்டியைத் திறந்து பல்லி முட்டையையும் எறும்புப் புற்றையும் சுரண்டி எடுத்தாள். திங்கள் கேட்டுக்கு அடியில் ஓடுகிற பல் சட்டத்தில் யாரோ ஊற்றிவைத்திருந்த தேங்காய் எண்ணெயையும் அதில் ஒட்டிய மண்ணையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாள், "இதுக்கு எண்ணெய் ஊத்தறதே தப்புங்ண்ணா, புழுதிதான் சேரும்" என்று அங்கமுத்துவுக்குப் பாடம் எடுத்தாள். வேறு வீடுகளின் வேலையை எல்லாம் தள்ளிப்போட்டாள். திறக்க எவ்வளவு, மூட எவ்வளவு, எங்கே நிற்க வேண்டும் என்று போர்டுக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொடுத்தாள். போர்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு சிவப்பு விளக்கை மட்டும் சிமிட்டியது. குறுக்கே ஆள் இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். குறுக்கே ஆள் இல்லை, சுகுணா மட்டும்தான் உட்கார்ந்திருந்தாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பத்தொன்பதாம் நம்பர் வீடு நேராகத் தெரியும். மாடியில் துணி காய்வது, கேஸ்காரர் வருவது, பழைய பீரோவை ஆட்கள் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் பார்த்தாள். ஒரு நாள் ராஜாமணி பால்கனிக்கு வந்தாள், நடுவகிடு முழுக்க நரைத்திருந்தது, சுகுணா சட்டென்று குனிந்து திருகாத திருகாணி ஒன்றைத் திருகினாள். அந்த ஏழு வருஷத்தில் அக்காவுக்கு இவ்வளவு வயசாகியிருக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. இருந்தாலும் கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது?

"அந்தப் பத்தொம்பதாம் நம்பர் அம்மா டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டுட்டாங்களாமுங்" என்றார் அங்கமுத்து ஒருநாள் டீ ஊற்றிக்கொண்டே. "கேட்டா முட்டி வலிங்கறாங்க. காலையில பாத்தா பார்க்கை நாலு சுத்து சுத்தறாங்க, முட்டி வலிக்கறவங்க மாதிரியே தெரியலீங். அவங்களுக்கும் ஆரோ வரோணும்னு இருக்கும்போல."

சுகுணாவின் கையில் டீ ஆறிப்போனது.

இதற்குள் காலனிக்குத் திறந்த கேட்டும் பழகிவிட்டது. எருமை வராமல் குறுக்கே கயிறு கட்டினார்கள், முறை வைத்துக் கேட்டடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள், பத்து வருஷமாகப் பேர் தெரியாமல் லிப்ட் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பேர் தெரிந்துகொண்டார்கள். வரப்போவது தங்கள் வீட்டு ஆள் என்று ஒவ்வொரு வீடும் உள்ளுக்குள் நம்பியது. செத்துப்போனவர்கள் யாராவது வருகிறார்களோ என்று ஒருவர் கேட்க, டீச்சர் அவர் வாயிலேயே போட்டார். ஜெயச்சந்திரன் மட்டும் மசியவில்லை. "வியாழக்கிழமையோட கடைசி. இந்தக் கேட்டை இனிச் சரி பண்ண முடியாதுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க மேடம், நான் அறுத்து எடுத்துட்டு வேற கேட் போட்டுக்கறேன்" என்று ஒரு தாளை நீட்டினார்.

அந்த வியாழக்கிழமைதான் ராஜாமணிக்கும் டிக்கெட். ஐந்து மணிக்கு டாக்ஸி.

மூன்று மணிக்குத் தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு சுகுணா தன் நோட்டைப் புரட்டினாள். மோட்டார் சரி. போர்டு சரி. ஒயர் சரி. சட்டம் சரி. கண் ரெண்டும் சரி. பதினான்கு நாள் பார்த்ததில் ஒன்றுகூடக் கோளாறு இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அது கேட்டுக்காக என்று அவளே நம்பினாள். "என்ற சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பாத்ததில்லீங்ண்ணா. எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆரும் வரவும் மாட்டேங்கறாங்க, மூடவும் மாட்டேங்குது."

அங்கமுத்து தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தப்பா நெனைக்காதீங் அம்மிணி. இங்க நாற்காலி போட்டு உக்காந்தவங்க அத்தனை பேரும் ரோட்டைத்தான் பாத்தாங்க. நீங்க ஒருத்தர் மட்டும் பதினாலு நாளா ரோட்டைப் பாக்கவே இல்லீங். உள்ளதான் பாத்துட்டிருக்கீங்."

சுகுணா அவரைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு இது திறந்தது என்று கேட்டாள். ஒன்பது இருபது என்றார். அவள் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தாள், எழுந்தாள், புடவையிலிருந்த மண்ணைத் தட்டினாள், கயிற்றுக்கு அடியில் குனிந்து காலனிக்குள் முதல் தடவையாக நடந்தாள். கேட் மெக்கானிக்குகளின் வேலை எப்போதும் வாசலோடு முடிந்துவிடும், உள்ளே போகிற வழக்கமே கிடையாது. பின்னால் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது, அவள் திரும்பவில்லை.

பத்தொன்பதாம் நம்பரில் கதவு திறந்தது. ராஜாமணி நின்றாள்.

"வாங்க" என்றாள்.

கூடப் பிறந்த தங்கையை வாங்க என்றாள். "உக்காருங்க" என்றாள். நாற்காலியை முந்தானையால் துடைத்துவிட்டாள். எல்லாச் சாமானும் போன வீட்டில் எங்கிருந்தோ வெள்ளி டம்ளர் ஒன்றைத் தேடி எடுத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், விருந்துக்கு வந்த ஒறம்பரைக்கு வைப்பதுபோல. ஹாலில் ரெண்டு பெரிய பெட்டி கயிறு கட்டி நின்றது.

"வீட்ல எல்லாரும் சௌக்கியங்களா?"

"சௌக்கியங்க. ஹரிணி?"

"நல்லா இருக்கா. அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க."

"நல்லபடியா ஆகட்டுங்க."

வெளியே மொத்த காலனியும் கேட்டடியில் கூடிவிட்டது. "இன்னும் மூடலீங்" என்றார் அங்கமுத்து. "அதுதான் உள்ள போயாச்சே, அப்பறம் என்னவாம் அதுக்கு?" என்று ஜெயச்சந்திரன் எரிந்து விழுந்தார். "உள்ள போனா வந்து சேந்ததா ஆயிருமாக்கும்? வாயை மூடிட்டு நில்லுங்க சார்" என்றார் பரிமளா டீச்சர்.

உள்ளே பேச்சு தீர்ந்துவிட்டது. சுகுணா தண்ணீரைக் குடித்து முடித்தாள், டம்ளரை வைத்தாள், எழுந்தாள். "சரிங்க. நல்லபடியாப் போய்ச் சேருங்க" என்றாள். கதவு வரைக்கும் போனவளுக்கு ஜன்னல் வழியே கேட் தெரிந்தது, அப்படியே ஆவென்று திறந்து கிடந்தது. பதினேழு நாள் அலைச்சலும், பதினான்கு நாள் வெயிலும், ஏழு வருஷமும் ஒரே நேரத்தில் ஒட்டுக்காக வந்து முன்னால் நின்றது. திரும்பினாள்.

"ஏன்க்கா, நான் என்ன ஒறம்பரையா? வாங்க போங்கங்கறே?"

"ஒறம்பரைகூடக் கல்யாணத்துக்கு வந்தாங்க" என்றாள் ராஜாமணி.

"எப்படி வருவேன்? போன்ல அனுப்புவியா நீ? பால்காரருக்கும் எனக்கும் ஒரே மெசேஜ்! அவளை இந்த இடுப்புல தூக்கிச் சொமந்தவ நானு. ஒரு வெத்தலைக்கு வழியில்லையா உனக்கு? ஒரு எட்டு வந்து வான்னு சொன்னா உன்ற கௌரவம் கொறஞ்சு போயிருமா?"

"வந்தேன்டி!"

ராஜாமணி கத்திய கத்தில் கேட்டடியில் இருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"வந்தேன். மொதப் பத்திரிகை கொலசாமிக்கு, அடுத்தது உனக்குன்னு கோயில்ல இருந்து நேரா உன்ற வீட்டுக்குத்தான் வந்தேன். தட்டத்துல வெத்தலை, பாக்கு, மூணு சீப்புப் பழம், உனக்குன்னு அரக்குக் கலர்ல பட்டு. உன்ற கேட்டுல பூட்டுத் தொங்குச்சு. நாலு தடவை போன் பண்ணேன், நீ எடுக்கலை. சித்திரை வெயில்ல ஒரு மணி நேரம் தட்டத்தைக் கையில வெச்சுட்டு நின்னேன், எதுத்த வீட்டுக்காரி எட்டி எட்டிப் பாத்தா. சாமிக்கு அடுத்தபடியா கொண்டுவந்த பத்திரிகையைத் திருப்பி எடுத்துட்டுப் போறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? அந்த ஆத்திரத்துல கார்ல உக்காந்துதான் போன்ல அனுப்புனேன்."

சுகுணா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அன்றைக்கு எங்கேயோ ஒரு மில் கேட்டில் டிரில் ஓட்டிக்கொண்டிருந்திருப்பாள், போன் பெட்டிக்குள் கிடந்திருக்கும். ஊரில் உள்ள கேட்டையெல்லாம் திறந்துவிடப் போனவள் தன் கேட்டைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமில்லக்கா?"

"என்னன்னு சொல்றது? உன்ற வாசல்ல நாயாட்ட நின்னுட்டுப் போனேன்னா? எனக்கும் ரோசம் இல்லையா?"

"ஒரு மணி நேரமா நின்னே?"

"ஆமா. முழுசா ஒரு மணி நேரம்."

"நான் பதினேழு நாளா உன்ற வாசலுக்கு வந்துட்டே இருக்கேன்க்கா" என்றாள் சுகுணா.

ராஜாமணி அவளையே பார்த்தாள். உதடு கோணியது, சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "சின்ன வயசுல இருந்து உனக்கு எதுலயும் என்னைத் தோக்கடிச்சே ஆகோணும்" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், இன்னொன்று வைத்தாள், மூன்றாவதுக்கு ஓங்கின கையால் தங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "குணா, என்ற பாப்பா, எத்தனை வருசத்தை வீணாக்கிட்டோம்டி."

அப்போதுதான் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. பதினெட்டு அடி கேட் உருண்டு வந்து தூணில் முட்டியது. மெக்கானிக் அழுகைக்கு நடுவிலும் எண்ணினாள், சரியாகப் பதினாறு செகண்ட். வெளியே ஒரே கூச்சல், யாரோ விசிலடித்தார்கள், ஜெயச்சந்திரன் அங்கமுத்துவிடம் வாங்கிவைத்திருந்த தாளை என்ன செய்வது என்று தெரியாமல் அதாலேயே விசிறிக்கொண்டார். தன் மகன் இல்லை என்று தெரிந்த பரிமளா டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருந்தாலும் முதல் ஆளாகப் பத்தொன்பதாம் நம்பர் வாசலுக்கு ஓடினார், அவருக்குப் பின்னால் மற்றவர்கள்.

ராஜாமணி தங்கையை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சித்த நேரம் நில்லு" என்றாள். சமையலறைக்குள் போய்த் தேடினாள், ஒன்றுமே மிச்சம் இல்லை. வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "உங்க வீட்ல ஆருகிட்டயாச்சும் வெத்தலை பாக்கு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

கேட்டதுதான் தாமதம், வைகறை கார்டனே நாலா பக்கமும் ஓடியது. ஒருவர் வெற்றிலையோடு வந்தார், ஒருவர் பாக்கோடு வந்தார், திலகராஜ் சம்சாரம் வாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டுவந்தார், டீச்சர் தாம்பாளமும் குங்குமச் சிமிழும் கொடுத்தார், மஞ்சள் ஜெயச்சந்திரன் வீட்டிலிருந்து வந்தது. ராஜாமணி எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கினாள், தலைமுடியைக் கோதிக்கொண்டாள், ரெண்டு கையாலும் தட்டத்தை ஏந்தித் தங்கைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"உங்க அக்கா மகளுக்குக் கொழந்தை பொறக்கப் போகுதுங்க" என்றாள், குரல் பிசிறியது. "பேர் வெக்கறதுக்கு நீங்க குடும்பத்தோட வந்து இருந்து நடத்திக் குடுக்கோணுமுங்க. கடல் தாண்டிங்கறதுனால வராம இருந்தறாதீங்க."

சுகுணா சேலை முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். "வர்றோமுங்க" என்றாள். ஐந்து மணியாகிவிட்டது, யாரையும் பார்க்க வராமல் சவாரிக்கு வந்த டாக்ஸிக்காரர் வெளியே கேட் மூடியிருக்கிறதே என்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.